முன் சீட்டும் விரால் வாளியும்

இப்போதெல்லாம் கைபேசியைத் திறந்தாலே யாராவது ஒருவர் சிக்கனமாகச் சமைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வந்துவிடுகிறார். பளபளவென்று ஒரு மேடை, அதன்மேல் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு வரும் எண்ணெயை ஒரே தாளிப்பில் கவிழ்த்துவிட்டு, “ரொம்பக் கொறஞ்ச செலவுல முடிஞ்சிருச்சு பாருங்க” என்கிறார்கள். பார்க்கவே குமட்டுகிறது. விரலால் தள்ளினால் அடுத்தது கார். புது வண்டிக்கு முன்னால் ஒருவன் குடும்பத்தோடு நின்று, துணியை உருவி, கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அதுவும் குமட்டுகிறது. ஆனால் இந்த இரண்டையும் விடாமல் பார்க்கிறவன் நான்தான். அதனால்தான் என்னிடம் மறுபடி மறுபடி அவற்றையே நீட்டுகிறது அந்தச் சனியன்.

சிக்கனச் சமையல் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் என் மனைவியின் அடுப்படியில் இரண்டு வருஷம் சாப்பிட்டிருக்க வேண்டும். பீர்க்கங்காய் வாங்கினால் முதல் நாள் கூட்டு, மறுநாள் அதன் தோலில் துவையல். ரேஷன் அரிசியில் இட்லி கல்லாக வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் ஒரு பிடி வெந்தயத்தையும் கொஞ்சம் பழைய சோற்றையும் சேர்த்து அரைத்து, அதைப் பஞ்சாக எடுத்துவைப்பாள். முருங்கைக்கீரை பின்வீட்டு மரத்திலிருந்து வரும். கேட்டும் பறிப்பாள், கேட்காமலும் பறிப்பாள். நொய்யில் உப்புமா, கொள்ளில் ரசம், அந்தக் கொள்ளையே வீணாக்காமல் சுண்டல். காய் இல்லாத நாளில் மோர்க்குழம்பில் ஒன்றுமே கிடக்காது. கரண்டியை விட்டுத் துழாவினால் கரண்டிதான் வரும். அதையும் ருசியாகத்தான் வைப்பாள்.

பரிமாறுகிற தட்டும் அப்படித்தான். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் நான் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வாய் கோணியும் அடியில் கீறியும் வருவதைக் கழித்துப்போடுவார்கள். அதில் கொஞ்சம் உருப்படியானவை எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் நேராக நிற்கிற டம்ளர் ஒன்றுகூடக் கிடையாது.

இத்தனை சிக்கனமும் எதற்கு? காருக்கு. எனக்குக் கார் என்றால் பைத்தியம். ரயில்வே கேட்டு மூடினால் ஊரே திட்டும், எனக்கு மட்டும் உள்ளுக்குள் குஷி. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பழைய அம்பாசிடரின் மூஞ்சி பிடிக்கும். எங்கோ மண்ணில் புரண்டு வந்த ஜீப் பிடிக்கும். எல்லாவற்றையும்விடப் பிடித்தது, பெட்டிபோல் அடக்கமாக இருக்கும் சின்னக் கார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போய் முடிவதற்குள் அதில் ஏதாவது ஒன்றை வாங்கி, மனசுக்குள் ஓட்டி, சிதம்பரம்வரை போய்த் திரும்பிவிடுவேன்.

பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டின்போது எங்கள் பேச்சு முழுக்க இதுதான். “குடும்பத்தைச் சிக்கனமா நடத்தத் தெரியணும்பா, காரு தன்னால வரும்” என்று நான் சொல்வேன். சொல்லிக்கொண்டே அவள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தின்பேன். சிக்கனம் பண்ணியது நானா? நான் டீக்கடையில் வடையைக்கூட விட்டதில்லை. இதை இப்போது எழுதும்போது பேனாவைத் தூக்கி எறியலாம்போல இருக்கிறது.

எங்கள் அடுப்படி நடந்ததற்கு இன்னொருவரும் காரணம். என் மாமனார். சேத்தியாத்தோப்பில் கொஞ்சம் நெல் நிலம், அதில் பாதி நாள் தண்ணீருக்குக் காத்திருப்பு. மாதம் ஒருமுறை அணைக்கட்டுப் பக்கம் கிடைக்கிற மீனை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பெரும்பாலும் விரால், உயிரோடு. பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி, மூடியில் ஆணியால் ஓட்டைகள் குத்திக் கொண்டுவருவார். அந்த ஒரு வாளி மீனை அவள் மூன்று நாளுக்கு இழுப்பாள். முதல் நாள் குழம்பு, மறுநாள் அதையே சுண்டவைத்து, மூன்றாம் நாள் சட்டியில் ஒட்டியதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து. அந்த மூன்று நாளும் நாங்கள் பணக்காரர்கள்.

கார் வரப்போகிறது என்று உறுதியானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எங்கப்பா ஒருநாளும் காருல ஏறுனதில்லைங்க. மொதமொதல்ல அவரு நம்ம வண்டியில முன்னாடி ஒக்காந்து நம்ம வூட்டுக்கு வரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

நியாயமான ஆசை. எங்கள் கல்யாணத்துக்கு வாடகைக் கார் பிடித்தவர் அவர்தான். அதில் நாங்கள் இரண்டு பேரும் ஜோராக உட்கார்ந்து வந்தோம். அவர் சீர்வரிசைப் பாத்திரங்கள் உருளாமல் பிடித்துக்கொண்டு மினி லாரியின் பின்னால் நின்று வந்தார். அன்றைக்கு எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

“இதெல்லாம் ஒரு பெரிய விசயமா? கூட்டியாந்துட்டாப் போச்சு” என்றேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் முருகன் கோயிலில் பிராது கட்டுவது வழக்கம். குறையை ஒரு மனுவாக எழுதி சாமிக்குமுன் கட்டிவிட்டு வந்தால் அவர் விசாரித்துத் தீர்ப்பார் என்பது நம்பிக்கை. ஏமாந்தவர்கள், பொருளைத் திருட்டுக்கொடுத்தவர்கள், அநியாயம் நடந்தவர்கள் வந்து கட்டுவார்கள். நான் போய்க் காருக்காகக் கட்டினேன். பட்டறையில் மெமோ எழுதிப் பழகிய கையல்லவா? வண்டி வில்லங்கமில்லாமல் கைக்கு வரவேண்டும் என்று எழுதியதோடு நிறுத்தாமல், ‘வந்தால் நாற்பத்தெட்டு நாள் அதில் கவுச்சி ஏற்றமாட்டேன்’ என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். சாமி கேட்கவில்லை. பூசாரி கேட்கவில்லை. மனு கனமாக இருக்கட்டும் என்று சேர்த்ததுதான்.

கார் வந்தது. சாம்பல் நிறம், செகண்ட் ஹேண்ட், முன்பு வைத்திருந்தவர் பொத்திப் பொத்தி ஓட்டியிருந்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. எலுமிச்சை நசுக்கிப் பூசை போட்டோம். மல்லிகை வாசனை வரும் ஒரு குப்பியை வாங்கி முன்னால் வைத்தேன். தினமும் காலையில் என் பனியனாலேயே வண்டியைத் துடைத்தேன். என் மனைவியின் முகத்தை நான் அத்தனை கிட்டத்தில் பார்த்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று தெரியாது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாமனாரை அழைத்துவரப் போனேன். அவள் வரவில்லை. அப்பா வரும்போது சமையல் தயாராக இருக்கவேண்டும், தவிர, வாசலில் நின்று அவர் இறங்குவதைப் பார்க்கவேண்டும் என்றாள்.

சேத்தியாத்தோப்பில் பாலத்துக்கு இந்தப்பக்கம் பஸ் நிற்கும் இடத்திலேயே அவர் காத்திருந்தார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. முகத்தை வழித்து மழுமழுவென்று வந்திருந்தார். கையில் அந்தப் பெயிண்ட் வாளி.

“ரெண்டும் நல்ல வெராலு மாப்ள. வெடியகாலையிலயே போயி வாங்குனேன். பாப்பாவுக்குப் புடிக்கும்.”

மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான். வாளிக்குள் ஏதோ புரண்டது, மூடியின் ஓட்டைகளில் தண்ணீர் கொப்பளித்தது. எனக்கு முதலில் தோன்றியது சீட்டு. அடுத்தும் சீட்டுதான். மூன்றாவதாகத்தான் சாமி ஞாபகத்துக்கு வந்தார். ஆனால் வாயைத் திறந்தபோது சாமிதான் முதலில் வந்தார்.

“மாமா, ஒரு வேண்டுதல் இருக்குது. நாப்பத்தெட்டு நாளு வண்டியில கவுச்சி ஏத்தக்கூடாது.”

அவர் ஒருகணம் வாளியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கதவைத் திறக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“அய்யய்யோ, சாமி காரியமாச்சே. தெரியாமப் போச்சுங்க மாப்ள. நீங்க வண்டியில போங்க, நான் மீனோட பஸ்ஸுல வந்துடுறேன்.”

மீனை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நீங்கள் ஏறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். டிக்கியில் சாக்கை விரித்து வாளியை வைத்துவிட்டு, சாமியிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மகள் கைக்குப் போகவேண்டிய மீனை அவர் விட்டுவரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் நின்றேன். பஸ் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படியில் ஏறினார்.

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்வது? முன்னால் பஸ், பின்னால் நான். கடைசி சீட்டில் இடம் கிடைத்து, வாளியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் அவர் குனிந்து மூடியை அமுக்குவது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இரண்டு மூன்று முறை என்னைத் திரும்பிப் பார்த்து, ‘முன்னால் போங்கள்’ என்று கையை ஆட்டினார். எதிரே கரும்பு டிராக்டர்கள் வந்துகொண்டிருந்தன என்பது உண்மை. வராதபோதும் நான் முந்தவில்லை. முந்திப்போய், வெறும் முன் சீட்டோடு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? அதனால் அந்தப் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே விருத்தாசலம்வரை வந்தேன். என் வண்டிக்குள் மல்லிகை மணத்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரிடம் ஓடினேன். “வாளிய மட்டும் ஆட்டோவுல வச்சிடலாம் மாமா, நீங்க ஏறுங்க” என்றேன்.

அவர் தன் வேட்டியைக் காட்டினார். இடுப்பிலிருந்து முழங்கால்வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“மீன் தண்ணிங்க மாப்ள. சீட்டு வீணாப் போயிரும்.”

பரவாயில்லை மாமா. இந்த இரண்டு வார்த்தைதான் நான் சொல்லவேண்டியிருந்தது. என் கண் அந்த ஈர வேட்டியிலேயே இருந்தது. அவரும் என் கண்ணைப் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். “நான் ஆட்டோவுல வந்து ஒங்க தெருமுனையில எறங்கிக்கிறேன். நீங்களும் அங்க வந்துடுங்க, சேந்தாப்ல போவலாம். பாப்பா கேட்டா காருலதான் வந்தேன்னு சொல்லிக்கிறேன். அது ஆசப்பட்டுட்டு இருக்கும்.”

“சரிங்க மாமா” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

தெருமுனையிலிருந்து அவர் வாளியோடு நடந்தார். நான் காரை அவர் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். அவள் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“ஏம்ப்பா நடந்து வரீங்க?”

“முன்னாடி சீட்டுலதாம்மா ஒக்காந்து வந்தேன். காத்து ஜில்லுன்னு அடிச்சுது. முனையில எறங்கிக் கால நீட்டிக்கலாம்னு நடந்தேன்.” வயலையும் மாட்டையும் தவிர எதைப் பற்றியும் பேசாதவர், மூச்சுவிடாமல் சொன்னார். “மெத்துன்னு இருக்குதும்மா சீட்டு. ஆட்டமே இல்ல.”

அவள் வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். அப்பாவின் வேட்டியைப் பார்த்தாள். பிறகு நேராகக் காருக்கு வந்து முன்பக்கக் கதவைத் திறந்தாள். சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். குனிந்து, முகத்தை அந்தப் பிளாஸ்டிக் உறைக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“ரொம்ப சந்தோசம்பா. உள்ள வாங்க” என்றாள் அவரிடம்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, சாமியை இழுத்து, ஒரு மாதிரி முடித்திருப்பேன். நாற்பத்தெட்டு நாள் முடிந்தபிறகு அவரை எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். “நமக்குப் பஸ்ஸுதாங்க மாப்ள தோது” என்கிறார், சிரித்துக்கொண்டே.

அன்றைக்கு அவள் விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கல்லில் உரசி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். என்னையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவருக்கு உலர்ந்த கைலி கொடுத்திருந்தாள், என்னுடையது. நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைக்கப் போனபோது அவர் தட்டைக் கையால் மறைத்தார்.

“மாப்ளைக்கு வையிம்மா. பாவம், அம்புட்டு தூரம் ஓட்டிட்டு வந்தாரு.”

அவள் என் தட்டில் வைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, எழுந்து ஓடிவிடலாம்போலவும் இருந்தது. ஆனால் சாப்பிட்டேன். முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, தலையைக் குனிந்தபடி முழுத் துண்டையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று தட்டை நீட்டினேன்.