நாற்பது டன் தூக்குகிறவன்

நாற்பது டன் தூக்குகிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று பதினெட்டு வருடம் மனதார நம்பிய முட்டாள் நான். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்த முட்டாள்தனம் இல்லை. சொந்தத் தயாரிப்பு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். திருவொற்றியூரிலிருந்து வடக்கே போனால் வருகிறவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இருக்கும் கண்டெய்னரை எடுத்து டிரெய்லரில் வைப்பது, டிரெய்லரில் இருப்பதை எடுத்துக் கப்பலில் வைப்பது, இவ்வளவுதான் வேலை. எங்கள் பேச்சில் கண்டெய்னர் என்றால் பொட்டி. பொட்டியும் அதைக் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால் நாற்பது டன் வரை வரும்.

கேபின் பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்குகிறது. தரை கண்ணாடி. கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி குனிந்து உட்கார்ந்திருப்பேன். மொத்த உடம்பில் அசைவது இரண்டு மணிக்கட்டுகள். இறங்கும்போது கழுத்தும் இடுப்பும் விண்விண் என்று தெறிக்கும். அதை உழைப்பின் வலி என்றே எடுத்துக்கொண்டேன். வலிக்கிறது என்றால் உழைத்திருக்கிறேன், உழைத்தவன் சாப்பிட வேண்டாமா? பொட்டியைத் தூக்கியது மோட்டார், பரோட்டா தின்றது நான். அதன் மேல் போகிற வழியில் பர்மா நூடுல்ஸான அத்தோ ஒரு தட்டு வேறு.

கேபினுக்குப் போக லிப்டு உண்டு. துறைமுக வாசலிலிருந்து கிரேன் வரை வேன். வீட்டிலிருந்து வாசல் வரை பைக். ஒரு நாளில் நான் நடந்த நீண்ட தூரம் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு. சர்க்கரை ஏறிய பிறகு அந்தத் தூரத்தை ராத்திரியில் நாலு தடவை நடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கிரேன்காரர்களுக்கு வருடம் ஒருமுறை உடல் பரிசோதனை. அதில் தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கேபின். போன வருடம் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். என் ரத்தப் பரிசோதனைத் தாளை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எக்சர்சைஸ் உண்டா?"

"டெய்லி பொட்டி தூக்கறேன் மேடம். ஷிப்டுக்கு நூறு பொட்டி."

"கையாலயா?"

"கிரேனால."

"அப்போ கிரேனுக்கு சுகர் இல்ல. உங்களுக்கு இருக்கு. பிரஷரும் இருக்கு."

மாத்திரை எழுதினார். தினம் நடக்கச் சொன்னார். நடக்கும்போது கால் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்து எரிக்கும், நடந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பசி தசைக்கு இருக்கும் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. சர்க்கரையும் பிரஷரும் இறங்கவில்லையென்றால் கேபின் கிடையாது, கீழே நின்று பொட்டி நம்பர் சரிபார்க்கிற வேலைதான்.

பதினெட்டு வருடமாக எல்லோருடைய உச்சந்தலையையும் பார்த்துப் பழகியவனைக் கீழே நிற்கச் சொன்னால் எப்படி? பயந்துதான் போனேன். ஆனால் பயத்தை அறிவாக மாற்றத் தெரியாதவன் என்பதால் ஒரு திட்டம் போட்டேன். மூன்று மாதம் வரைக்கும் சும்மா இருப்பது. கடைசி மூன்று நாள் மெரினா வரைக்கும்கூட நடப்பது, சோற்றைத் தொடாமல் இருப்பது, வெறும் வயிற்றில் போய்க் கையை நீட்டுவது. பத்தாம் வகுப்பை இப்படித்தான் பாஸ் செய்தேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டி சமைக்கிறாள். ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். அவளிடம் திட்டத்தைச் சொன்னேன்.

"ஒடம்ப ஏமாத்தப் போறியா, டாக்டர ஏமாத்தப் போறியா?" என்றாள்.

"டாக்டரத்தான்."

"ரெண்டு பேருமே உன்ன மாதிரி கூமுட்ட இல்லியே."

ஆறு வாரம் திட்டப்படியே சும்மா இருந்தேன். அதை மட்டும் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

ஏழாவது வாரத்தில் ஒரு பகல் ஷிப்டில் லிப்டு நின்றுபோனது. மேலே என் பார்ட்னர் தன் நேரம் முடிந்து காத்திருக்கிறான். நான் ஏணிப்படியில் ஏறிப் போய் அவனை மாற்ற வேண்டும். எவ்வளவு நாளாக மேலே போய் வருகிறோம், ஏறிவிடலாம் என்று காலை வைத்தேன். மேலே போய் வந்துகொண்டிருந்தது நானல்ல, லிப்டு என்பது நாலாவது வளைவில் விளங்கியது. நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. சட்டை பிழியலாம் போல ஈரம். படி திரும்புகிற இடத்திலிருக்கும் இரும்புப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கப்பல், டிரெய்லர் வரிசை, அண்ணாந்த முகங்கள். வாக்கிடாக்கியில் எங்கள் ஃபோர்மேன் வந்தார்.

"அண்ணாத்த, ஏறிகினு கீறியா, இல்ல அங்கியே குடித்தனம் வச்சிட்டியா?"

"வியூ பாத்துகினு கீறேன்."

"இன்னா தெரியுது?"

"காட்டுப்பள்ளி ஹார்பர் தெரியுது."

"எமன் கிமன் வரானான்னும் பாத்து சொல்லு. கப்பல்காரன் வேற கத்திகினு கீறான்."

எல்லா வாக்கிடாக்கியிலும் இது கேட்டிருக்கும் என்பது சிரிப்புச் சத்தத்திலிருந்து தெரிந்தது. அரை மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தேன். பார்ட்னர் எழுந்து இடம் கொடுத்தான். கைப்பிடியில் கையை வைத்தேன், வியர்வையில் வழுக்கியது. கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. அதன் ஜன்னலுக்கு வெளியே ஓட்டுநரின் முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முழங்கைக்கு ஓரடி பின்னால்தான் நான் பொட்டியை இறக்க வேண்டும்.

"நீயே இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுப்பா" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அவனும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கூடுதலாகக் குத்தியது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஹார்ட் அட்டாக் என்றே முடிவு செய்திருந்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்.

"அட்டாக் இல்ல. வேலையே குடுக்காத ஹார்ட் இது. திடீர்னு பன்னெண்டு மாடி ஏறச் சொன்னா எகிறத்தான் செய்யும். தினம் நடந்தீங்கன்னா அதே படிக்கு இவ்ளோ துடிக்க வேண்டியிருக்காது, பிரஷரும் தானா கொஞ்சம் எறங்கும். நடக்கறீங்கல்ல?"

திட்டத்தைச் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நான் எழுதியிருக்கறது அன்னிக்கு காலைல எவ்ளோ சுகர்னு பாக்கற டெஸ்ட் இல்ல. ரெண்டு மூணு மாசமா ஒடம்புல சராசரியா எவ்ளோ இருந்துச்சுன்னு அதுல தெரிஞ்சுடும். கடைசி மூணு நாள் பட்டினி கெடந்தாலும் அது மாட்டிவிட்டுடும். பாதி நாள் போயிடுச்சு. நடந்து பழகுங்க. மொதல் நாளே கிரேன்ல ஏறிக் காட்டாதீங்க."

நடக்க ஆரம்பித்தேன். எண்ணூர் சாலையின் ஓரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசைதான் என் மைதானம். எனக்குக் கிலோமீட்டர் பிடிபடாது, பொட்டிதான் பிடிபடும். முதல் நாள் பதினைந்து டிரெய்லர் நீளம் போவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. பிறகு வரிசையின் வால் வரை போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். வால் பக்கத்தில் வரும்போதெல்லாம் புதிதாக ஒரு டிரெய்லர் வந்து பின்னால் ஒட்டும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சில காலைகளில் தோன்றும். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொள்வேன். டிரெய்லர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி ஒரு ஓட்டுநர் தினமும் கேட்பார்:

"இன்னா நைனா, டாக்டரா, பொண்டாட்டியா?"

"ரெண்டும்."

"அப்ப ஓடு, நடக்காத."

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கினோம். ஒரே அளவு சோறு, ஒரே மீன் குழம்பு. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். மறுநாள் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் இருபது நிமிடம் சுற்றினேன். நடந்த நாளில் சர்க்கரை நன்றாகவே குறைவாக இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று இன்னொரு விரலைக் குத்திப் பார்த்தேன். அதுவும் அதையே காட்டியது. இந்த உடம்பு நான் சொல்வதைக் கேட்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னார்கள், நான்தான் பன்னிரண்டு மாடிக்கு மேலே இருந்தேன்.

எட்டாவது நாள் நடக்கவில்லை. பிறகு ஒரு மழைக்கு மூன்று நாள் நடக்கவில்லை. மூன்று நாளில் கருவி என்னைக் காட்டிக்கொடுத்தது. நடந்ததைச் சேர்த்துவைக்க முடியாது, தினம் புதிதாகத்தான் நடக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பரிசோதனை நாள் வந்தது. டாக்டரம்மா தாளை வாசித்தார். பிரஷர் இறங்கியிருந்தது. நாடித்துடிப்பு முன்னைவிட நிதானமாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை இறங்கியிருந்தது, ஆனால் இறங்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை.

"பாதி நாள் நடந்தீங்க, பாதி எறங்கியிருக்கு" என்றார். "கேபின்ல உட்காரலாம். ஆனா சான்றிதழ் மூணு மாசத்துக்குத்தான்."

"ஒரு வருஷம்னு போட்டா நான் ஒரு வருஷம் நடப்பேன் மேடம்."

அவர் மூன்று என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

கேபின் தப்பியது. அந்தத் தாளைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வீட்டுக்கு வந்தேன். மனைவி தாளை வாங்கி, வட்டத்தைப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் ஷூவை வாசலில் எடுத்து வைத்தாள்.

"அதான் சீட்டு கெடச்சிடுச்சில்ல" என்றேன். "இன்னிக்கி ஒரு நாளு காலுக்கு ரெஸ்ட்டு குடுத்துக்கறேனே."

"வாய்க்கு குடு."