பரமலிங்கத்தின் கால்கள்

வயலில் இறங்கினால் பரமலிங்கம் கண்ணைவிடக் காலைத்தான் நம்புவார். உழுத சேற்றில் இரண்டு எட்டு வைத்துவிட்டு, "விதைக்கலாம்" என்றோ, "இன்னுமொரு உழவு வேணும்" என்றோ சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பிறந்த மனிதர். துணுக்காய்ப் பக்கம் காணி கிடைத்துக் காடு வெட்ட வந்தபோது வன்னிச் சேற்றை அவருக்குப் படிப்பித்ததே அந்தக் கால்தான். செருப்பு மாட்டச் சொன்னால் கோபம் வரும். "உங்கட அப்பர் கலியாணத்துக்கும் வெறுங்காலோடதான் வந்தவர்" என்று பிள்ளைகளிடம் பகிடி பண்ணுவாள் மனைவி சிவனேஸ்வரி.

அறுபத்தாறாம் ஆண்டு மாரியில் அவருக்குக் காய்ச்சல் விடாமல் காய்ந்தது. பல் முரசில் இரத்தம் கசிந்தது. மாங்குளத்தில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள். இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். புதிதாக வந்த மருந்தொன்றைக் கையில் ஊசியாக ஏற்றினார்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி சிவனேஸ்வரியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"இந்த ஊசிக்குக் கால் நோகும், தாங்கத்தான் வேணும். ஆனா அம்மா, காலிலை ஒரு காயமும் பட விடாதேங்கோ. இந்த இரத்தத்துக்குச் சின்னக் கீறலும் ஆறாது."

காய்ச்சல் விட்டது. சோறு இறங்கியது. அப்பாடா என்று சிவனேஸ்வரி மூச்சு விடுவதற்குள் கால்நோவு வந்து குந்திக்கொண்டது. போர்வை நுனி பட்டாலே மனிதர் அலறினார். நொச்சி இலை அவித்த வெந்நீரில் காலை வைத்துப் பார்த்தாள். பழஞ்சேலை சுற்றிப் பார்த்தாள். வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டபடி கரையில் இருந்தால்தான் அவருக்குக் கொஞ்சம் சுகம். காடு வெட்டிய மனிதர் அந்த வாய்க்கால் கரையில் இருந்து அழுததை அவள் ஒரு நாள் கண்டுவிட்டாள். அன்றைக்கே ஊர் அம்மன் கோயிலுக்குப் போய் விழுந்தாள்.

"அம்மாளாச்சி, அவரின்ரை கால்நோவை எடுத்துவிடணை. ஆடியிலை அவர் உனக்குத் தீ மிதிப்பார்."

வைகாசி பிறந்தபோது நோவு போய்விட்டது. அதற்குப் பிறகும் கொழும்புக்குப் போய் இரண்டு ஊசி போட்டாயிற்று; நோவு திரும்பவில்லை. பரமலிங்கம் சிரித்தார். "உம்முடைய ஆச்சி காது கேளாதவ இல்லையப்பா" என்றார்.

சிவனேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த கிழமையே வயலில் இறங்கியவர் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றார். பிறகு குனிந்து, கையால் சேற்றை அள்ளிப் பிசைந்து பார்த்தார். அப்படி அவர் செய்து அவள் கண்டதேயில்லை. வாசற்படியில் கால் இடறத் தொடங்கியது. பாதம் தூக்குப்படாமல் தொங்கியது. ஒரு பின்னேரம் கால் கழுவிவிடும்போது குதிக்காலில் விரல்நீளக் காரைமுள் ஏறியிருந்தது. பிடுங்கினாள். மனிதர் வெற்றிலை போட்டபடியே இருந்தார்.

"இஞ்சாருங்கோ, நோகேல்லையோ?"

"எது?"

அந்த முள்ளுக்காயம் ஆற ஆனி முழுக்க எடுத்தது.

பூசாரி இளையதம்பியிடம் ஓடினாள். "அவருக்குப் பதிலா நான் மிதிக்கிறன், ஐயா."

"பேர் சொல்லி நேர்ந்தனீர், பிள்ளை. கேட்டது கிடைச்சாப் பிறகு ஆளை மாத்தினால் அவா பொறுக்க மாட்டா. தந்ததைத் திருப்பி எடுத்தால் என்ன செய்வீர்?"

அந்தப் பேச்சுத்தான் அவளை விழுத்தியது. தடுத்தால் அம்மன் எடுப்பாள், விட்டால் நெருப்பு எடுக்கும் என்று கிடந்து தவித்தாள். புருசனிடம் அழுதும் பார்த்தாள். அவரோ, "முள்ளுக் குத்தியும் நோகாமல் விட்டது அவாவின்ரை காவல். நீர் பயப்பிடாதையும்" என்றார். ஊசியால்தான் கால் மரத்துப்போச்சோ என்று கொழும்பில் கேட்டிருக்கலாம். அம்மனோடு பேசிய கதையை டொக்டரிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆடி வந்தது. பாலைக்கட்டை எரிந்து தணலாகிக் கிடந்தது. மற்றவர்கள் மஞ்சள் வேட்டியோடு ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். தீ மிதிக்கிறவன் நின்று நிதானிப்பதில்லை. பரமலிங்கத்தால் ஓட முடியாது. தொங்கிய பாதத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி, சேற்றில் பதம் பார்க்கிறவர்போல ஆறுதலாக வைத்து வைத்து வந்தார். சனம் "அம்மாளே! தாயே!" என்று குமுறியது. அவருடைய நடையை அருள் என்று கண்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிவனேஸ்வரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இறைச்சி கருகும் மணம் அவளுக்கு முதலில் வந்துவிட்டது.

மறுகரையில் அவரை இருத்தினார்கள். அவள் விழுந்தடித்து ஓடிப்போய் அவருடைய காலைத் தூக்கி மடியில் வைத்தாள். உள்ளங்காலின் தோல் அவள் சேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பரமலிங்கம் முகமெல்லாம் சிரிப்பாக அவளைக் குனிந்து பார்த்தார்.

"ஏன் அழுகிறீர்? எனக்கு ஒரு துளியும் நோகேல்லை."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்கத்தான் அவள் நேர்ந்திருந்தாள்.