மாணவிகளின் கழிவறை

அந்த மாணவியின் வீட்டுக்கு நான் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருந்தேன். மாதம் தவறாமல் மூன்று நாள், நான்கு நாள் பள்ளிக்கு வராமல் இருந்துவிடுகிறாள், காரணக் கடிதமும் இல்லை என்று. இரண்டு கடிதங்களிலும் என் கையெழுத்து இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் வாயில் கசப்பு ஊறுகிறது.

மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் ஆலோசக ஆசிரியை. பதினோரு வருடமாக ஒரே அறை. குளிர்சாதனம், நீல நிற சோபா, மேசையில் டிஷ்யூ பெட்டி, சுவரில் மனநலம் பற்றிய வண்ணப் படங்கள். அழ வரும் பிள்ளைகளுக்கு அந்த அறை பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அறையோடு ஒட்டியே ஆசிரியர்களின் கழிவறை. ஆகவே மாணவிகளின் கழிவறை இருந்த பின்கட்டடத்துப் பக்கம் நான் போக வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அந்தப் பெண் இரண்டாம் படிவம், பதினான்கு வயது. பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவு விலை வீடுகளிலிருந்து வருபவள். அப்பா கல்லுடைக்கும் கல்மலையில் லாரி ஓட்டுகிறார். அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை. பள்ளி வேன் விடியுமுன்னே வந்து அவளை ஏற்றிக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். வீடு திரும்ப மாலையாகிவிடும்.

வகுப்பாசிரியர்தான் அவளை என்னிடம் அழைத்து வந்தார். பாடத்தில் கவனமில்லை, உடற்பயிற்சிக்கு வர மறுக்கிறாள், கடைசி இரண்டு பாடவேளை மேசையில் தலை கவிழ்ந்து கிடக்கிறாள். நான் வழக்கம்போல கேள்வித்தாளைக் கொடுத்தேன். கடந்த இரண்டு வாரங்களில் உன்னால் நிம்மதியாக உட்கார முடிந்ததா? அடிக்கடி பதற்றமாக இருக்கிறதா? அவள் எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் எழுதினாள். கூட்டிப் பார்த்தால் கடுமையான மன அழுத்தம் என்று வந்தது.

"வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையாம்மா?"

"இல்ல டீச்சர்."

"யாராச்சும் கேலி பண்றாங்களா?"

"இல்ல டீச்சர்."

கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு, சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். பாதம் ஆடிக்கொண்டே இருந்தது. நான் கண்ணை மூடச் சொல்லி மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். மெல்ல இழு, வயிறு நிறைய இழு, மெல்ல விடு. இரண்டு முறை இழுத்தாள். முகம் சுருங்கியது. "நான் போலாமா டீச்சர்?" என்றாள். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். அவளுடைய கோப்பில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள் என்று தகவல் வந்தது. ஆலோசகர் போய்ப் பார்ப்பது ஒரு நடைமுறை. பழக்கூடை வாங்க வேண்டும், கட்டிலருகே நின்று ஒரு படம் எடுக்க வேண்டும், அறிக்கையில் ஒட்ட வேண்டும். நானும் கூடையோடு போனேன்.

கையில் ஊசிக் குழாயோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வேலைச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"கிட்னியில கிருமி போயிருச்சாம் டீச்சர். ரொம்ப நாளா அடக்கி அடக்கி வச்சதுனால வந்துச்சாம். டாக்டர் கேக்குறாரு, ஸ்கூல்ல எத்தன வாட்டி போறன்னு. போறதே இல்லன்னு சொல்லுது."

"போறதே இல்லன்னா?"

"ஃபார்ம் ஒன்லேருந்து போனதே இல்லயாம். தண்ணி குடிச்சா போகணும்ல, அதான் குடிக்கிறதும் இல்ல. அந்த மூணு நாளு வந்தா ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு அடம். நான் என்னா நெனச்சேன், படிக்க சோம்பல்னு நெனச்சி ரெண்டு அடி கூட போட்டேன் டீச்சர். நீங்க அனுப்புன லெட்டரக் காட்டித்தான் அடிச்சேன்."

அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அந்த டாய்லட்டு அப்படியா இருக்கு? நீங்க உள்ள போயி பாத்திருக்கீங்களா டீச்சர்?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பாக்குறேன் அக்கா" என்றேன். படம் எடுக்காமல் திரும்பினேன். கூடையை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை இடைவேளைக்குப் பிறகு, பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரத்தில் போனேன். பின்கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. பத்து அடி தள்ளி நின்றபோதே கண் எரிந்தது. முகக்கவசம் போட்டிருந்தேன். பயனில்லை.

ஆறு கதவுகள். இரண்டைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டையில் யாரோ காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். நான்காவது கதவைத் திறந்தேன். குழி நிரம்பி, மேலே ஏதோ உலர்ந்து தோல் கட்டியிருந்தது. அதன் மேல் ஈக்கள் எழும்பாமல் உட்கார்ந்திருந்தன. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. மூலையில் ஒரு வாளி. அதில் இருந்த தண்ணீரில் கொசுப்புழுக்கள் துள்ளின. குப்பைத் தொட்டி எங்கேயும் இல்லை. அதனால் பிள்ளைகள் மாதவிலக்குப் பஞ்சுகளை நோட்டுத் தாளில் சுற்றிச் சன்னல் கண்ணாடிச் சட்டங்களுக்கு இடையில் செருகியிருந்தார்கள். மழை நனைத்து, தாள் கிழிந்து, அவை வழிந்து தொங்கின. ஒரு தாளில் கணக்குப் பாடத்தின் திருத்தம், ஆசிரியரின் சிவப்பு மையில் 'நன்று'.

கதவின் பின்னால் துப்புரவு அட்டவணை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கையெழுத்து. அடுத்த வாரம் முழுவதற்கும் இப்போதே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதற்குக் கீழே, நெகிழி உறை போட்ட வண்ணத் தாள் ஒன்று: 'புன்னகை செய். உன்னை நீ நேசி.' ஒரு மஞ்சள் பூ. அது என் அலுவலகத்திலிருந்து போனது. பள்ளியில் எல்லாக் கதவிலும் ஒட்டச் சொல்லி நானே மாணவத் தலைவர்களிடம் கொடுத்திருந்தேன்.

வெளியே வந்து சாக்கடை ஓரமாக வாந்தி எடுத்தேன். நாற்றத்தால் மட்டுமில்லை.

அன்று மதியமே பள்ளி முதல்வரைப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். துப்புரவுக் குத்தகைக்காரருக்குக் கடிதம் போட்டிருப்பதாகவும், பம்பு பழுதுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் சொன்னார். பிறகு மலாயில், மென்மையாக, "மனநல வாரம் முடியட்டும் டீச்சர், அதற்குப் பிறகு பார்ப்போம்" என்றார். அதற்காக அடுத்த வாரம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் விருந்தினர் கழிவறையைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். புதுத் துவாலைகள், எலுமிச்சை மணம் வீசும் சோப்பு, கண்ணாடி ஓரத்தில் ஆர்க்கிட் செடி. விருந்தினர் போனதும் அது பூட்டப்படும்.

ஆசிரியர் அறையில், அதுவரை நம் கழிவறையை மாணவிகளுக்குத் திறந்துவிடலாமே என்று கேட்டேன். பதினைந்து வருடமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கும் தமிழரான ஓர் ஆசிரியைதான் முதலில் பேசினார்.

"ஐயோ, வேணாங்க. இதுங்க வந்தா ரெண்டே நாளுல இதுவும் அப்படியாயிரும். தோட்டத்துப் புள்ளைங்க லா. வீட்டுலயே பழக்கம் அப்படி. நாம என்னா செய்ய முடியும்?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. என் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்தவர்களின் வழி. 'அந்த ஆக்கள்' என்றால் எங்கள் வீட்டில் தோட்டத்துச் சனங்கள் என்று பொருள். ஆரம்பப்பள்ளியில் என்னோடு படித்த ஒரு தோட்டத்துப் பிள்ளை ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். மைலோ கொடுத்தார்கள், அன்பாகத்தான் பேசினார்கள். அவள் போன பிறகு அம்மா அந்தக் கிளாஸை மட்டும் தனியே எடுத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தவறு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மனநல வாரம் வந்தது. பலூன்கள், பாட்டு, பதாகை. மண்டபத்தில் நான்தான் பேசினேன். விருந்தினர்களை அழைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றிக் காட்டும் பொறுப்பும் எனக்கு. அவர்களை நேராகப் பின்கட்டடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும் என்று இரவெல்லாம் தீர்மானித்திருந்தேன். படிக்கட்டு வரை அழைத்தும் போனேன். ஓர் அதிகாரி, "அந்தப் பக்கம் என்ன?" என்று கேட்டார். "ஸ்டோர்" என்றேன். என் வாய்தான் சொன்னது. பிறகு அவர்களை என் அறைக்கு அழைத்துவந்து நீல சோபாவில் உட்கார வைத்தேன். "வசதியாக இருக்கிறதே" என்று பாராட்டினார்கள். கறிபாப் சாப்பிட்டார்கள். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

அந்தப் பொய்யை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை மாணவியின் அம்மா மருத்துவக் கடிதம் கொடுக்க வந்தார். கொடுத்துவிட்டு, "காட்டுங்க டீச்சர்" என்றார். நான் கூட்டிப்போனேன். அவர் அழுவார், அல்லது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். குழாயைத் திருகினார். தரையைச் செருப்பு நுனியால் சுரண்டினார். அட்டவணையை வாசித்தார்.

"இது ஒரு நாளு ரெண்டு நாளு அழுக்கு இல்ல டீச்சர். வருசக்கணக்கு. நாங்க அங்க ஒரு நாளைக்கு ஆறு வாட்டி களுவுறோம். ஒரு வாட்டி தவறுனா சூப்பர்வைசர் ஏசுவான். இங்க அடுத்த வாரத்துக்கும் சைன் போட்டு வச்சிருக்கான் பாருங்க."

கைப்பேசியை எடுத்து எல்லாவற்றையும் படம் பிடித்தார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை, படங்கள் மட்டும். அன்று மாலைக்குள் முதல்வர் என்னை அழைத்துவிட்டார். படம் எடுக்க யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். "நான்தான்" என்றேன். இந்த முறை வாய் ஒழுங்காகச் சொன்னது.

சனிக்கிழமை பெற்றோரும் சேர்ந்து துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் என்று அறிவித்தார்கள். முப்பது பெற்றோர் வந்திருப்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும். பம்பைப் பழுது பார்க்கத் தெரிந்த ஓர் அப்பா ஒரு மணி நேரத்தில் தண்ணீரை ஏற்றிவிட்டார். மாணவியின் அம்மா ரப்பர் கையுறை, பூட்ஸ் சகிதம் வந்து, யார் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "ஆசிட்ட ஊத்திட்டு ஒடனே தேய்க்காதீங்க அக்கா, கொஞ்ச நேரம் ஊறட்டும்." நானும் தேய்த்தேன். சன்னலில் இருந்தவற்றை இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டது நான். கடைசி ஒன்று வரை எடுத்தேன்.

அறிவியல் ஆசிரியை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று எல்லோரையும் படம் எடுத்தார். அடுத்த நாள் பள்ளியின் முகநூல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. 'மாணவர் நலனில் பெற்றோரின் பங்களிப்பு' என்று தலைப்பு. அதற்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து கைதட்டும் இமோஜிகள் குவிந்தன. கழிவறை ஏன் அப்படி ஆனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆறு கதவும் திறந்தன. குப்பைத் தொட்டி வைத்தோம். பள்ளி விடுமுறை வரை நன்றாகவே இருந்தது. விடுமுறைக்குப் பின் குத்தகைக்காரரின் ஆள் மறுபடியும் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வந்தார். இப்போது மூன்று கதவு வேலை செய்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன், குறித்து வைக்கிறேன், வாரம் ஒரு கடிதம் போடுகிறேன். சில ஆசிரியர்கள் என்னைப் பின்னால் 'தண்டாஸ் டீச்சர்' என்கிறார்கள், கழிவறை டீச்சர் என்று. சொல்லட்டும்.

அந்த மாணவி குணமாகித் திரும்பி வந்தாள். ஆனால் படம் குழுவில் வந்த பிறகு, யாரால் வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. அவளைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் வகுப்புக்குப் போய்ப் பேசினேன், கேலி இன்னும் அதிகமானது. அவளை என் அறைக்கு வரச் சொன்னேன். "வேணாம் டீச்சர்" என்றாள், மரியாதையாகத்தான். அந்த சோபாவில் அவள் மறுபடி உட்காரவே இல்லை.

ஆண்டு முடிவதற்குள் அவளுடைய அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். வேறு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம், கொஞ்சம் தூரம்தான். படிவத்தை நான் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில், கழிவறையைப் பயன்படுத்த முடியாததால் ஏற்பட்ட நோய், அதைத் தொடர்ந்த கேலி என்று எழுதினேன். அலுவலகத்தில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படி எழுதக்கூடாதாம், மேலே போகாது, தாமதமானால் பிள்ளையின் இடம் போய்விடும்.

அந்த அம்மா கவுண்டர் முன்னால் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"என்னாத்தயாச்சும் எழுதுங்க டீச்சர். புள்ள போனா போதும்."

புதுப் படிவம் எடுத்தேன். குடும்பக் காரணம் என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன்.