பாட்டில் பச்சைத் திரை

பாட்டில் பச்சை. அதன் மேல் கடுகு மஞ்சளில் எழுத்துகள், அதுவும் ஒரு வரியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் இடம் கொள்ளாத அளவுக்குப் பெரிய எழுத்துகள். தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரை நினைத்தால் அந்தச் சாட் ஜன்னல்தான் முதலில் கண்முன் வருகிறது. மற்ற வீடுகளில் அது வெள்ளைப் பின்னணியில் பொடிப்பொடி கறுப்பு எழுத்தாக இருந்தது. கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்த ஆள் ஒருமுறை பழுது பார்க்க வந்தபோது, "இன்னா சார் இது, பஸ் போர்டு மாதிரி கீது?" என்று சிரித்தார். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. அண்ணிக்கு விழுந்தது. "ஆமாங்க, பஸ்ஸைத் தவற விட்டுடக் கூடாதுல்ல," என்றார் அண்ணி. அந்த ஆள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வேலையைப் பார்த்தார்.

எங்கள் அண்ணி விருதுநகர்க்காரர். கல்யாணமான கையோடு அண்ணன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அண்ணிக்கு விசா வர இழுத்தடித்ததால் எங்களோடு இருந்தார். படித்தது பி.காம். கம்ப்யூட்டரைத் தொட்டது எங்கள் வீட்டில்தான் முதன்முதலாக. அண்ணி தன்னோடு பேசத்தான் அண்ணன் அதை வாங்கி வைத்துவிட்டுப் போனான். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே அந்த வீட்டில் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருப்பதை அண்ணி கண்டுகொண்டார்.

அப்பாவுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே போயிருந்தது. அரசு அலுவலகத்தில் கடிதப் பிரிவு சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரோஷக்காரர். காது கேட்கவில்லை என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஃபோன் செய்தால் ரிசீவரை வாங்கி, "நல்லா இருக்கேன், வெச்சுடறேன்," என்று நீட்டிவிடுவார். ஒருமுறை அண்ணன் ஏதோ கேட்க, இவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்கப்புறம் ஞாயிறு காலை ஃபோன் வரும் நேரத்துக்கு அப்பா கபாலி கோவில் குளத்தைச் சுற்றப் போய்விடுவார். அண்ணனோ வேறு மாதிரி நினைத்துக்கொண்டான். வெளிநாடு போவதை அப்பா முதலில் எதிர்த்தவர். அந்தக் கோபத்தில்தான் பேச மாட்டேன் என்கிறார் என்று முடிவே கட்டிவிட்டான். "காது காதுன்னு எல்லாரும் சப்பைக்கட்டுக் கட்டாதீங்க," என்று அண்ணியிடம் சொன்னானாம். அண்ணி அதை எங்களிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த மெஷினோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். சமையலறை வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், சாட் மென்பொருளில் இருந்த ஒவ்வொரு செட்டிங்கையும் திறந்து, மாற்றி, என்ன ஆகிறது என்று பார்ப்பார். ஒருநாள் எல்லாமே இளஞ்சிவப்பாகிப் பழையபடி திரும்பாமல் போக, அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். பிறகு அப்பாவை எதிரே உட்கார வைத்துப் பரிசோதனை. வெள்ளை கண்ணைக் குத்துகிறது என்றார் அப்பா. கண் ஆபரேஷன் ஆனவர். நீலம் மங்கல். கறுப்பு வேண்டாம், அமங்கலம். பாட்டில் பச்சை வந்ததும் தலையாட்டினார். எழுத்தை ஒவ்வொரு அளவாக ஏற்றிக்கொண்டே போய், "மாமா, தெரிகிறதா?" என்று ஆங்கில எழுத்தில் அண்ணி அடிக்க, அப்பா கூடமே அதிரும்படி, "தெரியுதும்மா, ஏன் கத்தறே?" என்றார். அண்ணி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் முதல் ஞாயிறு சொதப்பியது. அப்பா விபூதி இட்டுக்கொண்டு, துவைத்த சட்டை போட்டு வந்து அமர்ந்தார். அண்ணன் மறுமுனையில் தயார். அப்பாவும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கத் தொடங்கினார். பாதியில் இணைப்பு அறுந்தது. மோடம் மறுபடி கீச்சிட்டுக் கத்தி டயல் செய்ய, அப்பா மறுபடி முதலிலிருந்து அடிக்க, மறுபடி அறுந்தது. அடுத்த ஞாயிறும் இதே கதைதான். நாங்கள் டெலிஃபோன் லைனைத் திட்டினோம். "அப்பாவைச் சின்னச் சின்னதா அடிக்கச் சொல்லு," என்று அண்ணன் எழுதினான். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இதெல்லாம் எனக்கு ஒத்துவராது. விட்டுடுங்க."

அண்ணி விடவில்லை. தான் பேசும்போது அறுந்துபோகாத லைன், அப்பா உட்கார்ந்தால் மட்டும் ஏன் அறுந்துபோகிறது? அப்பா அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அவர் பேசவில்லை, கடிதம் வரைந்துகொண்டிருந்தார். அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கி, நலம் விசாரித்து, பத்தி பிரித்து, ஒருமுறை படித்துத் திருத்தி, கையெழுத்துக்குப் பதில் முழுப்பெயரும் அடித்த பிறகுதான் என்டரைத் தொடுவார். அலுவலகத்தில் ஒரு வரியைத் தனியாக அனுப்பிப் பழக்கமில்லாதவர். அதுவரை லைனில் ஒன்றும் போகாததால், ஆளே இல்லை என்று எண்ணிக் கம்ப்யூட்டர் தானாகவே ஃபோனை வைத்துவிடுகிறது.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிச் சுருக்கமாக எழுத வைக்கலாமே என்றேன் நான். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாமா யோசிச்சுப் பேசறவர். அது இந்தப் பொட்டிக்குத் தெரியலை. நாம பொட்டியைத்தான் மாத்தணும்," என்றார்.

மாற்றினார். சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் அந்த ஒரு டிக்கைத் தேடிக் கண்டுபிடித்து எடுத்தார். வேறு காரணத்தால் அறுந்தாலும் தானே திரும்ப டயல் செய்ய வைத்தார். ஒரே வரியாக இருந்த தட்டச்சுப் பெட்டியைப் பாதித் திரைக்கு இழுத்துவிட்டார், அப்பா தன் கடிதத்தை முழுசாகப் பார்க்கட்டும் என்று.

அந்த ஞாயிறு அப்பா அடித்து முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் ஃபோன் பக்கமே போகவில்லை. லைன் அறுந்துபோகாமல் நின்றது. என்டர் தட்டினார். வெயில், மின்வெட்டு, மந்தைவெளியில் புதிதாய் வந்த காய்கறிக் கடை என்று போன கடிதத்தின் கடைசிப் பத்தியை அவர் தோளுக்குப் பின்னால் நின்று நான் படித்தேன். 'உன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எனக்குக் காது கேட்கவில்லை. அவ்வளவுதான். இங்ஙனம்,' என்று இருந்தது. எங்களிடம்கூட அவர் சொல்லாத வாக்கியம் அது. பிறகு மஞ்சள் எழுத்துகள் ஒவ்வொரு வரியாக வரத் தொடங்கின. அப்பா அவற்றை வாய்விட்டு உரக்கப் படித்தார், 'அப்பா, எனக்குத் தெரியாம போச்சு' என்ற வரி வரும்வரை. அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார்.

விசா வந்து அண்ணி கிளம்பிப் போன பிறகு, அப்பா ஒருநாள் தானாகவே வண்ணம் மாற்றும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். ஒத்துவராது என்று எழுந்து போன அதே அப்பா. "அவனுக்கு மஞ்சள் இருக்கு. அவளுக்குன்னு ஒரு கலர் வேணாமா?" என்றவர், வெகுநேரம் தேடிக் கனகாம்பர நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். அண்ணி தலையில் எப்போதும் இருக்கும் பூ அது.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. என் கைபேசியில் சாட் பின்னணி இன்றும் பாட்டில் பச்சைதான். என் மகளுக்கு அது பிடிப்பதில்லை. போன வாரம் அண்ணி எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது. அப்பாவோடு அத்தனை ஞாயிறு இருந்ததாலோ என்னவோ, அண்ணியும் இப்போது முழுக் கடிதமாகத்தான் அனுப்புவார்.

"அத்தை அப்படி என்னதான் அடிக்கறாங்க? நீயே கால் பண்ணேன்மா," என்றாள் மகள்.

"இருடி, அவங்க முடிக்கட்டும்," என்றேன்.