போனை எடுத்துக்கொண்டு வெளியே போன ஷாலினி

போன வெள்ளிக்கிழமை டீனைப் பார்க்கப் போகும்போது படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். "சார், இந்த வருஷம் அட்மிஷன் வேண்டாம்." அவ்வளவுதான். ஆனால் கால் நகரவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு… நான் பெங்களூரில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் துறைத் தலைவி. தலைவி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். துறையில் மொத்தமே இரண்டு நிரந்தர ஆசிரியர்கள் — நானும் ஷாலினியும். ஷாலினிக்கு நான் தலைவி, எனக்கும் நானே தலைவி.

என்ன வேலை? மருந்தால் குணமானதா, இல்லை தானாகவே சரியானதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. ஆய்வை ஆரம்பிக்கும் முன்பே டாக்டர்கள் எங்களிடம் வர வேண்டும். வருவார்களா? எல்லாம் முடிந்த பிறகு, "மேடம், நாளைக்கு தீசிஸ் சப்மிஷன். கொஞ்சம் ரிசல்ட் மட்டும் போட்டுக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். சமைத்து இலை போட்ட பிறகு "உப்பு எவ்வளவு போடணும்?" என்று கேட்பது மாதிரி. இவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே, அனாடமி துறையின் பழைய ஸ்டோர் ரூமில் ஒரு எம்.எஸ்சி. படிப்பையும் ஆரம்பித்தோம். ஆரம்பித்தது சுலபம். நடத்துவதுதான் பெரும்பாடு.

ஆள் தங்குவதில்லை. நன்றாகப் பாடம் நடத்துகிற ஒவ்வொருவரையும் ரிங் ரோட்டில் இருக்கும் மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன. அங்கே கொடுக்கிற சம்பளத்தைக் கேட்டால் எனக்கே பயோடேட்டாவைத் தூசி தட்டத் தோன்றும். போகிறவர்களுக்கு அறிகுறிகளும் ஒரே மாதிரி. போன் வந்தால் காரிடாருக்குப் போவார்கள். அரை நாள் லீவு கேட்பார்கள். திடீரென்று நம்மிடம் ரொம்பப் பிரியமாக இருப்பார்கள். கடைசியாகப் போன பிரகாஷ், ராஜினாமாவுக்கு முந்தின வாரம் எனக்கு மைசூர்பாக் வாங்கி வந்தான்! அவன் இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்போது ஷாலினி… சந்தாபுராவிலிருந்து தினமும் டிராஃபிக்கில் நசுங்கி வருகிற பெண். அவள் வீட்டுக்கும் எங்கள் காலேஜுக்கும் நடுவில்தான் எத்தனை கம்பெனிகள்! கொஞ்ச நாளாகவே போன் அடித்தால் காரிடார். அடிக்கடி அரை நாள் லீவு. போன வாரம் கதவோரம் என் காதிலேயே விழுந்தது: "ஜாயினிங் டேட் மட்டும் கன்ஃபர்ம் ஆயிட்டா போதும்."

இவளும் கிளம்பிவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? பயம்தான். கேட்காத வரைக்கும் அவள் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், இல்லையா?

அந்த நேரம் பார்த்து டீன் பிடித்துக்கொண்டார். "மேடம், ஈ வர்ஷ அட்மிஷன் மாடோணவா, பேடவா?" புது பேட்ச் சேர்க்கலாமா, வேண்டாமா? நிரந்தர ஆசிரியர்கள் இரண்டு பேராவது இல்லாமல் படிப்பை நடத்த அனுமதி கிடையாது. வருஷம் முழுக்க இரண்டு பேர் இருப்பீர்களா, வெள்ளிக்கிழமை சொல்லுங்கள் என்றார். ஒரு வருஷம்தானே, நிறுத்திவிட்டு அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. எங்கள் காலேஜில் நிறுத்திய படிப்பு எதுவும் மறுபடி எழுந்ததே இல்லை.

படிக்கட்டில் நின்றவள், திரும்பி ஸ்டோர் ரூமுக்கே நடந்தேன். ஷாலினி லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷாலினி, எந்த கம்பெனி?"

"எந்த கம்பெனி மேடம்?"

"மறைக்காதம்மா. போன எடுத்துட்டு வெளிய போற. லீவு கேக்குற. ஜாயினிங் டேட்டுன்னு நீ பேசுனது என் காதுலயே விழுந்துச்சு. போறதுன்னா போ, நான் தடுக்க மாட்டேன். டீன் கிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ மேடம்! ஜாயினிங் எனக்கு இல்ல. பிரகாஷுக்கு!"

"அவன்தான் அங்க ஜாயின் பண்ணிட்டானே?"

"இங்க மேடம், நம்ம கிட்ட! அமெரிக்காக்காரங்க டைமுக்கு மீட்டிங் வெச்சு வெச்சு அவனுக்கு வெறுத்துப் போச்சு. போஸ்ட் காலியாத்தான் இருக்கு, வாடான்னு நான்தான் பேசிட்டே இருந்தேன். நேர்லயும் போய்ப் பாத்தேன், அவன் வைஃப் கிட்டயும் பேசுனேன். உங்க கிட்ட சொல்லி, அப்புறம் அவன் வரலன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்… இப்பதான், காலைல, டேட்டும் சொல்லி சரின்னான்."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வருஷா வருஷம் முதல் வகுப்பில் நான் நடத்தும் பாடம் என்ன தெரியுமா? இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் என்பதுதான். ஆஸ்பத்திரியில் நிறைய பேர் இறக்கிறார்கள் என்பதற்காக ஆஸ்பத்திரிதான் கொல்கிறது என்று சொல்ல முடியுமா? சொல்லிக்கொடுக்கிறவளுக்கே அது உறைக்கவில்லை. போன், லீவு, ஜாயினிங் டேட் — என் தகவல் எல்லாம் சரி. திசைதான் தப்பு. ஆள் வெளியே போகவில்லை, உள்ளே வந்துகொண்டிருந்தான்.

வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற விஷயத்தை, கேட்காமலே மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறோம். மூஞ்சியைப் பார்த்து, போனைப் பார்த்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு…

அதே படிக்கட்டில் ஏறி டீன் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எஷ்டு ஜன இர்தீரா மேடம்?" எத்தனை பேர் இருப்பீர்கள் என்றார்.

"மூரு ஜன சார்." மூன்று பேர்.

இப்போது நிமிர்ந்தார். "கேரண்டியா?"

எதைக் கேட்டாலும் "இருக்கலாம்", "வாய்ப்பு அதிகம்" என்று சொல்லியே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். அன்றைக்குச் சொன்னேன் — "கேரண்டி சார்!"