சூனியக்காரிக்கு எடுத்த முகம்

"கொட்டாவி வுடுடி கண்ணு, ஒரே ஒரு வாட்டி" என்று தொட்டில் பக்கத்தில் செல்ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றாள் வெண்ணிலா. தொட்டிலில் கிடந்தது பிறந்து ஒரு மாதமே ஆன என் பேத்தி. அவள் வாயைத் திறந்தால் எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷம். வெண்ணிலாவுக்கு அது வேலை.

எதிர்வீட்டுப் பெண். எங்கள் ஜமுனாமரத்தூரில் டவர் எடுக்கிற மாடியறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, ரஷ்ய நாட்டுக் கதைகளில் வரும் பெண்களை வரைகிறாள். பனியில் செய்த பெண், தவளைத் தோலுக்குள் ஒளிந்த இளவரசி, காட்டுக் குடிசையில் வாழும் சூனியக்காரக் கிழவி. வரைந்த முகம் கண் சிமிட்டும், மூச்சு விடும். சென்னையில் ஒரு கம்பெனி வாங்கிக்கொள்கிறது.

"மூஞ்சிய வரஞ்சிடலாம் மாமா. அசைவுதான் நெசமான ஆளுங்ககிட்டருந்து எடுக்கணும்" என்பாள். அதற்காகவே புளி தட்டும் களத்துக்கு வருவாள். அங்கே வேலை செய்யும் ஜெயம்மாள் கட்டையால் தட்டும்போது, தூள் தெறிக்குமென்று இடது கண்ணை மூடி உதட்டைக் கோணுவாள். அதை வெண்ணிலா படம் பிடிக்கிறாள் என்றதும் மறுநாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள் ஜெயம்மாள். "நல்லா புடிடி. சினிமால வரட்டும்."

பேத்தியின் கொட்டாவி பனிப்பெண்ணுக்குப் போனது. பெருமை தாங்காமல் வெண்ணிலாவின் ஃபோனை வாங்கிக் களத்தில் எல்லோருக்கும் காட்டினேன். அது முடிந்ததும் ஃபோனில் தானாகவே அடுத்த படம் ஓடி, சூனியக்காரக் கிழவி வந்தாள். கொக்கி மூக்கு, சடை பிடித்த நரைமுடி. இடது கண்ணை மூடி, உதட்டைக் கோணினாள்.

"ஏய், நம்ம ஜெயம்மா! புளிய மட்டும் காணோம்!" என்று சம்பூர்ணம் கத்த, களமே சிரித்தது.

"இன்னா வெண்ணிலா, இது நானா?"

"மூஞ்சி வேற அத்தை. கண்ணும் உதடும் மட்டுந்தான்..."

"அந்தத் தவளைப் பொண்ணு அழகா சிரிக்குதுன்னியே, அது யாரு?"

வெண்ணிலா கால் விரலால் தரையைக் கிளறினாள். "நான்தான் அத்தை."

"அதான பாத்தேன். ராசாத்திக்கு உன்னுது, பேய்க்கு என்னுது."

மாற்றித் தருகிறேன் என்று வெண்ணிலா கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சினாள். "படத்த வெளிய வுட்டுட்டாங்களாம் மாமா" என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு மாடியை விட்டு இறங்கவேயில்லை. தொட்டில் பக்கமும் வரவில்லை.

நேற்றுதான் களத்துக்கு வந்தாள். ஜெயம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து, ஃபோன் இல்லையென்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஜெயம்மாள் ஒரு குவியல் புளியை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டு, கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டையை எடுத்தாள்.