ஸ்டான்லி வைத்த பேர்

கேளம்பாக்கம் ஜங்ஷனில் கோவளம் ரோடு திரும்பியதும் இரண்டு கடைகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஒன்று என்னுடைய பாப்பா பியூட்டி பார்லர். இன்னொன்று ஸ்டான்லியின் நெட் சென்டர். நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொல்லித்தான் வாடகை வாங்கினார்கள். உண்மையில் அது பிளைவுட். அந்தப் பக்கம் பையன்கள் கம்ப்யூட்டரில் ஒருவனையொருவன் சுட்டுக்கொள்ளும் சத்தத்தில், இந்தப் பக்கம் யாருக்காவது புருவம் எடுத்துக்கொண்டிருக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். இதற்காக ஸ்டான்லியோடு நான் போடாத சண்டை இல்லை. ஆனாலும் அவரைப் பற்றி எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் நல்லதாக மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஸ்டான்லியின் அப்பா முத்துசாமி திருப்போரூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். மகன் டிப்ளமா முடித்து, பேங்க்கில் லோன் போட்டு, பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, ரோட்டைப் பார்த்து ஒரு கண்ணாடிக் கதவும் மாட்டினார். தினமும் காலையில் நியூஸ்பேப்பரை நனைத்து அந்தக் கதவைத் தேய்ப்பார். கல்யாணம் ஆகாத மனுஷன், வேறு யாரைக் கொஞ்சுவது?

நல்லவர்தான். ஆனால் நியாயம் என்று வந்துவிட்டால் பேய் பிடித்துவிடும். சின்ன வயதில் சர்ச் விளையாட்டு விழாவில் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து, கரண்டியை வாயில் கடித்துக்கொண்டு ஓடும் பந்தயத்தில் இவர் இரண்டாவதாக வந்தாராம். முதலில் வந்தவன் சூயிங்கம் வைத்துப் பழத்தைக் கரண்டியோடு ஒட்டியிருக்கிறான். பரிசு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போயும்விட்டான். இந்தக் கதையை ஸ்டான்லி எனக்குச் சொன்னபோது அவர் தலையில் நரை எட்டிப் பார்த்தது. அந்த எலுமிச்சம்பழம் மட்டும் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை.

2004 கோடை லீவில் பையன்கள் கூட்டம் அலைமோதியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரப்பாக்கத்திலிருந்த ஒரு நெட் சென்டரோடு ஆன்லைனில் மேட்ச். இங்கே ஐந்து பேர், அங்கே ஐந்து பேர், சுவருக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து சுட வேண்டும். கேளம்பாக்கம் ஒரு வாரம்கூட ஜெயித்ததில்லை. திடீரென்று ஒரு ஞாயிறு ஜெயித்தது. நம் பக்கத்துச் சுப்பிரமணி சுட்ட குண்டு ஒன்றுகூட வீணாகவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து போன் வந்தது.

"இன்னா நைனா, உன் பையன் செவுத்துக்கு அந்தாண்ட கீறவன கண்ணால பாத்த மாரி சுடுறான்? செக் பண்ணு."

ஸ்டான்லி செக் பண்ணினார். சுப்பிரமணி எங்கிருந்தோ ஒரு குட்டி சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டிருந்தான். அதைப் போட்டால் சுவர் எல்லாம் கண்ணாடி ஆகிவிடும், பின்னால் ஒளிந்திருப்பவன் பளிச்சென்று தெரிவான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

மறுநாள் காலை கண்ணாடிக் கதவில் சுப்பிரமணியின் போட்டோ தொங்கியது. வெப்கேமில் எடுத்தது, மூக்கு மட்டும் பெரிதாக இருந்தது. கீழே சிவப்பில் 'டுபாக்கூர். ஒரு மாசம் உள்ளே வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. ஏமாற்றுப் பேர்வழிக்கு எங்கள் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது. பஸ்ஸுக்கு நிற்பவன், ஷேர் ஆட்டோவில் போகிறவன், எனக்கு வருகிற கஸ்டமர் என்று எல்லோரும் நின்று படித்தார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த மூக்குக்கு யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

அவன் அம்மா சந்திரம்மா சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. யூனிஃபார்மோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். அவளும் ஸ்டான்லியும் ஒரே காலனியில் வளர்ந்தவர்கள்.

"இன்னா ஸ்டான்லி இது? தப்பு பண்ணான், நாலு சாத்து சாத்து. நான் கேக்க மாட்டேன். ரோட்ல போறவனுக்கெல்லாம் இன்னாத்துக்கு என் புள்ள மூஞ்சியக் காட்டிகினு கீற?"

"யாரு பண்ணாலும் இதான் சந்திரா. நம்ம காலனி புள்ளைன்னு வுட்டா நாளிக்கு எவன் என்னை மதிப்பான்?"

"நம்ம புள்ளைன்னுதான் மொதல்ல மாட்டுன. சரி, அந்த வார்த்தைய ஆச்சும் எடு. அசிங்கமா கீது."

ஸ்டான்லி எடுக்கவில்லை. ஆனால் இனிமேல் கௌரவமான வார்த்தையாகப் போடுவதாக வாக்குக் கொடுத்தார். சந்திரம்மாவுக்கு அதனால் என்ன லாபம்? ஒரு மாதம் கழித்துப் போட்டோ இறங்கியது, பேர் இறங்கவில்லை. சுப்பிரமணி தெருவில் நடந்தால் "டேய் டுபாக்கூர் மணி!" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல், பங்க் கடையிலிருந்து ஒரு குரல். லீவு முடியும்வரை கடையில் வேலைக்கு உட்காரலாம் என்று சொல்லியிருந்த ரீசார்ஜ் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். டுபாக்கூர் என்று பேர் எடுத்தவனைக் கல்லாவில் வைத்தால் கடை விளங்குமா என்று என்னிடமே கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் விற்கிற சார்ஜர் ஒரு வாரம் தாங்காது.

அடுத்து மாட்டியவன் நிதின். அதே சாஃப்ட்வேர், அதே சுவர், ஊரப்பாக்கத்திலிருந்து அதே போன். பையன் புது பிளாட்காரன். அப்பா லக்ஷ்மிநாராயணன் கல்பாக்கத்தில் பெரிய வேலையில் இருந்தார். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மறந்த கண்டக்டரை அடுத்த நாள் தேடிப் பிடித்து டிக்கெட் வாங்கியவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு.

ஸ்டான்லி வாக்கு மாறாதவர் அல்லவா, கௌரவமான வார்த்தை தேடினார். அந்த கேமிலேயே ஒரு வார்த்தை இருந்தது. ஏமாற்றினவனை ஆட்டத்தைவிட்டு விலக்கி வைத்தால் திரையில் 'பேன்' என்று இங்கிலீஷில் வரும். பந்து, பஸ் என்று சொல்லும்போது வருகிற அழுத்தமான எழுத்தில் ஆரம்பிக்கும் வார்த்தை. கேம் ஆடுகிற பையன்களுக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும். வெப்கேம் ரிப்பேர், அதனால் போட்டோ இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினார்.

'நிதின். ஒரு மாதம் பேன்.'

தமிழில் எழுதினால் அழுத்தம் எங்கே தெரியும்? நான் கடை திறக்க வந்தபோது வாசலில் நான்கு அம்மாக்கள் அந்தக் கதவைப் படித்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் தலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு மாசமாவா? பாத்தா டீசன்ட்டா இருக்கானே அந்தப் புள்ள!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, பிளாட்காரர்கள் எண்ணெயே வைப்பதில்லை, அப்புறம் ஏறாமல் என்ன செய்யும் என்று விளக்கம் கொடுத்தாள்.

எனக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். பேன் சீப்பு வாங்காத வீடு இல்லை. நிதினுக்குத்தான் பாவம். டியூஷனில் தனி பெஞ்ச். கிரிக்கெட்டில் அவன் போட்ட தொப்பியை யாரும் தொடவில்லை. அவன் அம்மா பார்வதம் அவனை என் பார்லருக்கு இழுத்து வந்தார். வெள்ளைத் துணி விரித்து, விளக்கைப் போட்டு, தலை முழுக்கச் சீவினேன். ஒரு ஈர்கூட இல்லை.

"சுத்தமா இருக்கும்மா."

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றேள். ஊருக்கே தெரிஞ்சு கதவுல எழுதிப் போட்டிருக்காளே. வெள்ளிக்கிழமை திருப்போரூர் கூட்டிண்டு போய் முருகனுக்கு மொட்டை போட்டுடப் போறேன்."

கதவில் எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், என் சீப்பு பொய் சொல்லும்! எனக்கு வந்த கோபத்தில் பிளைவுட்டை இரண்டு தட்டு தட்டி ஸ்டான்லியைக் கூப்பிட்டேன். வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. உடனே விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

பார்வதம் போன் பேச வெளியே போன அந்த இடைவெளியில் நிதின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பூப்போல முடி அவனுக்கு, கண் முழுக்கத் தண்ணீர்.

"அங்கிள், பேன்னே இருக்கட்டும். மொட்டை போட்டுக்கறேன். ஏமாத்தினேன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்கோ. பிளாட் பிளாட்டா கூட்டிண்டு போய் மன்னிப்புக் கேக்க வெப்பார்."

ஸ்டான்லி வாயை மூடிக்கொண்டார். செய்யாத குற்றத்துக்கு மொட்டை, செய்த குற்றத்துக்கு ஊர்வலம். இரண்டில் எது நியாயம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நியாயத்தையே தொழிலாக வைத்திருந்த மனுஷன் என் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஸ்கூட்டரில் லக்ஷ்மிநாராயணனே வந்து இறங்கினார். சுற்றிலும் கூட்டம். பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் சுப்பிரமணியும் நின்றான்.

"மிஸ்டர் ஸ்டான்லி, என் பையன் தலையில் என்ன இருந்தால் உங்களுக்கென்ன? எதற்காக இப்படி எழுதினீர்கள்? எனக்குக் காரணம் தெரிய வேண்டும்."

வெளியே வந்து நின்ற ஸ்டான்லி கதவைப் பார்த்தார். நிதினைப் பார்த்தார். அப்புறம் நெட் சென்டருக்குள்ளே மேலே நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒரே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன் சார்!"

"என்ன?"

"ஃபேன். காத்து வர்ற ஃபேன். ஒழுங்கா ஆடுற பையனுக்கு ஒரு மாசம் ஃபேனுக்குக் கீழ கீற சிஸ்டம் பரிசு சார். இந்த மாசம் நிதின்."

அந்த மனுஷன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். காது வரைக்கும் வேர்த்துவிட்டது. லக்ஷ்மிநாராயணன் கதவில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கதவருகே போய், 'பேன்' என்ற வார்த்தைக்கு முன்னால் அழுத்தி மூன்று புள்ளி வைத்தார்.

"ஆய்த எழுத்து போட வேண்டாமா? தமிழை இப்படிக் கொலை பண்ணுகிறீர்களே!" என்று சொல்லிவிட்டு ஸ்டான்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பார்வதம் எனக்கே நன்றி சொன்னார். நேர்மையாக விளையாடிய பிள்ளைக்கு அந்த ஊர் கை தட்டியது. அர்த்தம் தெரிந்த பையன்களும் சிரித்துக்கொண்டே சேர்ந்து தட்டினார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் பார்லருக்குள் ஓடி வந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகும் சுப்பிரமணி மட்டும் போகவில்லை. பிளைவுட் வழியாக எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"அண்ணாத்த, அவன் இன்னா பண்ணான்னு எனக்குத் தெரியும். அந்த சாஃப்ட்வேர அவனுக்குக் குடுத்ததே நான்தான்."

"மணி, மெதுவாப் பேசு."

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். அவன் அழுதான், நீ காப்பாத்துன, கரீட்டு. எங்கம்மா கூடத்தான் அழுதுகினே வேலைக்குப் போச்சு. அவனுக்கு மூணு புள்ளி வெச்சு எல்லாத்தையும் மாத்திட்டீங்க. என் பேருக்கு எங்க அண்ணாத்த புள்ளி வெப்ப?"

நான் துண்டைக் கீழே வைத்தேன்.

அந்த மாதம் முழுக்க நிதின் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தலை முடி பறக்க விளையாடினான். அதற்குப் பிறகு ஸ்டான்லி கதவில் யார் பேரையும் ஒட்டியதில்லை. எவனாவது மாட்டினால் உள்ளே பிரின்டர் இருக்கும் மூலைக்குக் கூட்டிப் போய்க் காதைத் திருகுவார், அத்தோடு சரி. ஊரப்பாக்கத்துக்காரர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

சுப்பிரமணியின் பேரைச் சரி செய்யத்தான் அவர் படாத பாடு பட்டார். நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்து "வாங்க சுப்பிரமணி" என்று முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கடைச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியே போவார். "யாராண்ட சாவி?" என்று கேட்டால் "டுபாக்கூர் மணியாண்ட" என்று பதில் வரும். ரீசார்ஜ் கடைக்காரரிடம் போய்க் கெஞ்சினார். அவர், நீதானேய்யா எழுதி ஒட்டினாய் என்று திருப்பிக் கேட்டார்.

நிதின் பிளஸ் டூ முடித்து வெளியூர் போனான், குடும்பமும் பிளாட்டை விற்றுவிட்டுப் போனது. அவனை இப்போது யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. சுப்பிரமணி செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டு திருப்போரூரில் கடை போட்டான். நேர்மையான வேலை. ஆனாலும் போனைக் கொடுக்கிறவர்கள், "ஒரிஜினல் டிஸ்ப்ளேதானே போட்ட டுபாக்கூரு?" என்று ஒரு தடவை கேட்காமல் போக மாட்டார்கள்.

2009 தை மாதம் அவனுக்குத் திருப்போரூரில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நானும் ஸ்டான்லியும் ஒன்றாகப் போனோம். மண்டப வாசலில் நண்பர்கள் வைத்த ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தான். தலைக்கு மேலே மஞ்சள் எழுத்தில் 'எங்கள் டுபாக்கூர் மணிக்குத் திருமண வாழ்த்துகள்!' பாசமாகத்தான் போட்டிருக்கிறார்கள் பாவிகள்.

ஸ்டான்லி அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அப்போது பெண்ணின் அப்பா கோபாலகிருஷ்ணன் பக்கத்தில் வந்தார். பேச்சுவார்த்தை தொடங்கின நாளிலிருந்து அவர் மனதை அரித்த கேள்வி போலிருக்கிறது.

"சார், உங்கள நியாயஸ்தர்னு சொல்றாங்க. நெஜத்தச் சொல்லுங்க. மாப்பிள இன்னா ஏமாத்துனாரு? எவனையாச்சும் மோசம் பண்ணிட்டாரா?"

"இல்ல சார். ஸ்கூல் படிக்க சொல்ல, கம்ப்யூட்டர் கேம்ல செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சுகினு இருந்தவன பாத்துட்டான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் சார்."

"அதுக்கா?" என்றார் கோபாலகிருஷ்ணன். "அதுக்குப் போயி எவன் சார் இந்தப் பேரு வெச்சான்?"

ஸ்டான்லி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பாக்கா, பையில கத்திரி கீதா?"

பார்லர்க்காரியிடம் கத்திரி இல்லாமலா? கொடுத்தேன். பந்தல்காரன் விட்டுப்போன ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார், வேட்டி சட்டையோடு. கோபாலகிருஷ்ணன் ஒன்றும் புரியாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஸ்டான்லி 'டுபாக்கூர்' என்ற வார்த்தையை மட்டும் சுற்றிக் கச்சிதமாக வெட்டி எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். அழுதுகொண்டுதான் வெட்டினார், நான் பார்த்தேன்.

மாலை மாற்றப் போக வேண்டிய மாப்பிள்ளை சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தான். மேலே பார்த்தான். அப்புறம் சிரித்து, கை கொடுத்து அவரை இறக்கிவிட்டான்.

"வுடு அண்ணாத்த. நம்ம ஜனம் ஓட்டையையும் படிச்சுடும்."

மதியச் சாப்பாடு முடியும்வரை வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஓட்டையைச் சரியாகப் படித்தார்கள்.